கணவாய் மை

என் மகள் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சில மாதங்களுக்கு முன் அவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்ததாம். ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார், முகர்ந்து பார், நாக்கில் வை, அவசரப்படாமல் மெல்லு என்றார்களாம். மனசு அந்தந்த நொடியில் நிற்பதற்கு அது பயிற்சி. "நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா மூணாவது நிமிஷமே ஆபீஸ் கேப் போயிடுமோன்னு யோசனை வந்துடுச்சு" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் அந்தப் பக்கம் போனதும் எனக்கு வயிற்றில் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது. இந்த வித்தை யாரும் சொல்லித்தராமலே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயதில். அவள் என் தங்கை.

சதுரங்கப்பட்டினத்தில் என்னோடு படித்த உங்களுக்கு அவளைத் தெரியும். நமக்கு இரண்டு வகுப்பு கீழே, கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். 'மந்தம்' என்று டீச்சர்கள் அவளைச் சொன்னதும் ஞாபகமிருக்கும். வலிப்பு வந்த பிள்ளை என்று உங்கள் அம்மாக்கள் அவளை உங்களோடு கடலுக்கு விடாததும் ஞாபகமிருக்கும். நாமெல்லாம் அறுபதைத் தொட்டுவிட்டோம். அந்த வலிப்பைப் பற்றி நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வர முடியும்.

எங்கள் நைனா, ஆபீஸ் ஒன்றில் பியூன். அவருடைய அப்பா அம்மா படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் நைனா. முதல் முதலாக இங்கிலீஷ் படித்தவள் நான். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இன்னாமே அது, நேத்து சொன்னியே, சொல்லு" என்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டு ஒப்பிப்பேன். தங்கை சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் இருந்தது பெருமையா வேறு ஏதாவதா என்று நான் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையில்லாத இடத்தில் இருந்தேன்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை அது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். வரும்போதே கதை வந்துவிடும்.

"ஒரு ஜப்பான்காரரு வந்து தங்கிகீறாருக்கா. வயசானவரு. காத்தால எழுந்ததும் கடலாண்ட போயி குந்திகினா குந்திகினதுதான். குளிக்கிறதில்ல, நடக்கிறதில்ல. இன்னா சார் பண்றேன்னு கேட்டா சிரிக்கிறாரு."

"பாவம், வூட்ல இன்னா கஷ்டமோ" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் மாமா ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஜப்பான்காரர் அவருக்குக் கொடுத்தது. சாம்பல் நிறத் துணி அட்டை. உள்ளே தாள் தடிப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பக்கத்துக்கு ஒரு படம், வெறும் கறுப்பு மை. பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் ஜப்பான் எழுத்து. அடியில் மூன்றே வரி இங்கிலீஷ். "எனக்கு இன்னாத்துக்கு இது? நம்ம வூட்ல படிக்கிற புள்ள நீதான்" என்று என் கையில் வைத்தார்.

புத்தகம் எனக்கு வந்தது. அதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வயதில் எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

ஆனால் திறந்து பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பக்கத்தில் சாத்தி வைத்த துடைப்பம். இன்னொரு பக்கத்தில் ஒரு பாதி வட்டம், அது மலையா பானையா தெரியவில்லை. முக்கால் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. கதை இல்லை, ராஜா இல்லை. நான்கு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் திறந்த பக்கமே மத்தியானமும் திறந்திருந்தது. சேற்றில் ஒரு கொக்கு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு.

"அக்கா, இது இன்னா சொல்து?"

நான் வந்து பார்த்தேன். முதல் வரி 'லோ டைட்' என்று ஆரம்பித்தது. டைட் என்றால் கட்டுவது என்று எனக்குத் தெரியும். "கொக்கத் தாழக் கட்டிப் போட்டுட்டாங்க. அதால பறக்க முடியல. அதான் சோகமா கீது" என்றேன்.

தங்கை படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கட்டலக்கா. தண்ணி எறங்கிப் போச்சு. அது மீனுக்கு நிக்குது. அவசரமில்ல அதுக்கு."

"இங்கிலீஷ் நீ படிச்சியா, நான் படிச்சனா?"

"நீதான்" என்றாள். உடனே ஒப்புக்கொண்டாள். ஆனாலும் மறுபடி படத்தைப் பார்க்கத்தான் போனாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த நம் இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக்குப் போய், அவர்களிடமிருந்த தடித்த அகராதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கட்டுகிற டைடுக்கு எழுத்தே வேறு. கடல்நீர் வடிந்திருக்கும் நேரம் என்று போட்டிருந்தது. டீச்சர், "என்ன பார்த்தே?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்தும் தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இங்கிலீஷ் தெரிந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு எழுத்தும் தெரியாத அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அந்த அநியாயத்தை ஒரு பதினோரு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும், சொல்லுங்கள்.

அம்மா கணவாய் மீன் வாங்குகிற நாள் உங்கள் வீடுகளிலும் வந்திருக்கும். வயிற்றைப் பிளந்ததும் கறுப்பாக மை கொட்டுமே, அம்மாவின் மணிக்கட்டுவரை ஏறும், தரையில் பட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அன்றைக்கு அம்மா அறுத்துக்கொண்டிருக்கும்போது தங்கை ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுபோய் நீட்டினாள். "இதுல ஊத்தும்மா." அம்மா ஏதோ விளையாட்டு என்று ஊற்றிவிட்டாள். இவள் வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்துக் கடித்துப் பஞ்சாக்கினாள். நைனா ஆபீசிலிருந்து கொண்டுவரும் பழைய ஃபாரங்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். முற்றத்து வெயிலில் குந்தி, அம்மாவின் முதுகை வரைந்தாள்.

மூன்று கோடுதான். ஒன்று முதுகு, ஒன்று கொண்டை, ஒன்று கை. அன்றைக்கு வந்திருந்த மாமா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "அட, அக்கா! அக்காவேதான்! இடுப்பு வலியோட குந்திகினு கீறா பாரு!"

அம்மா கறுத்த கையோடு எட்டிப் பார்த்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் எத்தனை பாட்டு ஒப்பித்திருக்கிறேன், அப்படி ஒரு சிரிப்பை நான் அம்மாவிடம் வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு வீடெல்லாம் கணவாய் நாற்றம். அவள் கோட்டைக்குப் போவாள். டச்சுக்காரர்கள் கட்டிய அந்தக் கோட்டைச் சுவர்மேல் நாம் ஓடிப்பிடித்து விளையாடிய காலம். அவள் மட்டும் சுவருக்குக் கீழே உட்கார்ந்து எறும்பு பார்ப்பாள். கடற்கரைக்குப் போவாள், அலை வந்து தொடாத ஈர மணலில், நண்டு வளைக்கு நேரே. வீட்டுக்கு வந்து வரைவாள். வரைந்துவிட்டு என்னிடம் வருவாள்.

"அக்கா, எழுதித் தா."

அவளுக்கு எழுத்துக் கூட்ட வராது. புத்தகத்தில் இருப்பதுபோல் படத்துக்குக் கீழே மூன்று வரி வேண்டும் அவளுக்கு. அவள் சொல்லச் சொல்ல, என் அழகான கையெழுத்தில், அம்மா எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படும் அந்தக் கையெழுத்தில், நான் எழுதினேன். சில எனக்கு இன்னும் மனப்பாடம்.

நண்டு உள்ள போச்சு.
வளை மட்டும்
என்னப் பாக்குது.

இன்னொன்று:

எறும்பு கோட்ட மேல ஏறுது.
எறும்புக்குத் தெரியல அது கோட்டன்னு.
கோட்டைக்கும் தெரியல.

எழுதும்போது வரி கோணலாகட்டும் என்று நினைப்பேன். கை கேட்காது, நேராகவே எழுதும்.

நானும் ரகசியமாக முயன்றேன். கொட்டாங்குச்சியில் மிச்சமிருந்த மையைத் தொட்டு ஒரு நண்டு போட்டேன். கறை மாதிரி வந்தது. அவள் உட்காருகிற அதே இடத்தில் போய் உட்கார்ந்து வளையைப் பார்த்தேன். முதலில் முதுகு அரித்தது. பிறகு ஏழாம் வகுப்பில் யார் முதல் ராங்க் வாங்குவார்கள் என்ற கவலை வந்தது. பிறகு என்னை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நண்டு எப்போது வந்து எப்போது போனதோ, மணலில் கால் தடம்தான் கிடந்தது.

மாமா ஒரு படத்தை எடுத்துக்கொண்டுபோய் ஜப்பான்காரரிடம் காட்டியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையே அழைத்து வந்துவிட்டார். கோட்டையைப் பார்க்க என்று பேர்.

நான் முந்தின நாளே தயார். "குட் மார்னிங் சார். வெல்கம் டு அவர் வில்லேஜ்" என்று ஆரம்பித்து ஒன்பது வாக்கியம். பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் குள்ளமாக, வழுக்கையாக, வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் ஒன்பது வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். முழுக்கக் கேட்டார். என் தலையைத் தடவி, "வெரி குட்" என்றார்.

பிறகு உள்ளே வந்து, சுவரோரம் விரித்திருந்த படங்களுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். நாற்றம் அடித்திருக்கும், முகம் சுளிக்கவில்லை. மூன்று வரிகளைத் தொட்டு இது என்ன என்பதுபோல் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நண்டு வரிகளைச் சொன்னேன். வளை என்பதற்கு 'ஹோல்' என்றேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. பிறகு கதவோரம் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்ற என் தங்கை பக்கம் திரும்பி, கைகளைத் தொடைமேல் வைத்து, தலை தரையை நோக்கிப் போகும்படி குனிந்தார்.

என் தலையைத் தடவினார். அவளை வணங்கினார். எனக்கு அந்த வித்தியாசம் அன்றைக்கே புரிந்துவிட்டது.

பிறகு இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஈர மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் மாமாவும் படகு நிழலில் காத்திருந்தோம். மாமா பீடி குடித்தார். என் கனகாம்பரம் வாடிவிட்டது.

அவர் அந்த வாரமே ஊர் திரும்பிவிட்டார். மறுபடி வரவில்லை. என் எரிச்சலும் அதோடு போயிருக்கும். ஆனால் இரண்டு நாள் கழித்து தங்கை புதிதாக ஒரு படத்தோடு வந்தாள். அதில் ஒரு பெண்பிள்ளை மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல். நான்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது.

"எழுதித் தாக்கா."

"சொல்லு."

அவள் சொன்னாள். நான் எழுதினேன்.

அக்கா படிக்கிறா.
பக்கம் திரும்புது.
காத்துதான் திருப்புது.

எழுதி முடித்த பிறகுதான் படித்தேன். அவள் கேலி செய்யவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். அவளுக்குக் கேலி செய்யத் தெரியாது. பார்த்ததைச் சொன்னாள். நான் யாராவது வரும்போது புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்காருவதும், பக்கம் தானாகப் புரளுவதும், நான் அதைக் கவனிக்காததும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியுமோ என்று தோன்றியது. நைனாவுக்குத் தெரியுமோ?

மறுநாள் காலை அம்மா, "தங்கச்சியக் கூட்டியா, கூழு ஆறுது" என்று அனுப்பினாள். வழக்கம்போல் அவள் நண்டு வளைக்கு முன்னால் இருந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று, ஒரே ஒரு முறை, மெதுவாகக் கூப்பிட்டேன். அவள் கண்ணை வளையிலிருந்து எடுக்காமல், ஒரு கையை மட்டும் தூக்கி, "இர்ருக்கா, வருது" என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். அம்மா, "எங்க அவ?" என்றாள்.

"அவளுக்கு இன்னாமோ ஆவுதும்மா. மூணு வாட்டி கூப்ட்டேன். கண்ணு ஒரே எடத்துல நிக்குது. தொட்டுக் கூப்ட்டாகூடத் தெரியல."

நாலு அடி வாங்கட்டும், கடற்கரைக்குப் போவதை நிறுத்தட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மாவின் முகம் அப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. "ஐயோ, எங்க அக்காளுக்கு வந்தது" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் கடல் பக்கம் ஓடினாள், மாராப்பு நழுவ.

அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்ததும், அவளுக்குக் காக்கா வலிப்பு இருந்ததும், படாளத்தில் ஏரிக்குத் துணி துவைக்கப் போனவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புற விழுந்து செத்ததும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த அக்காவும் வலிப்பு வருவதற்கு முன் சும்மா ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.

மூன்றாம் நாள் எங்களைச் செங்கல்பட்டுக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நைனா லீவு போட்டார். நான்தான் கண்ணால் பார்த்த சாட்சி. அம்மா, "நீ போயி ஒழுங்கா சொல்லு கண்ணு, உனக்குத்தான் சொல்ல வரும்" என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாக விசாரித்தார். "கூப்பிட்டா திரும்புவாளா?"

"இல்ல சார்."

"கண்ணு சிமிட்டுறாளா, அப்படியே நிக்குதா?"

"அப்படியே நிக்குது சார்."

"வாய் எதையாவது மெல்ற மாதிரி அசையுதா?"

"ஆமா சார், மெல்ற மாதிரி."

"அப்புறம் கேட்டா, நடந்தது ஞாபகம் இருக்கா அவளுக்கு?"

"இல்ல சார்."

அவர் கேள்வியிலேயே பதில் இருந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்கு அது போதாதா? "ரொம்பத் தெளிவா சொல்றாளே உங்க பொண்ணு" என்று டாக்டர் நைனாவிடம் சொன்னார். நைனா என் தோளில் கை வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கை கால்களை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஆச்சரியமாகப் பார்த்தாள். கோபமாக இல்லை.

சின்ன வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தண்ணீர் பக்கம் விடாதீர்கள், அடுப்புப் பக்கம் விடாதீர்கள், உயரத்தில் ஏற விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மா அதை வேதம்போலக் கடைப்பிடித்தாள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கையை நீட்டுவாள், வாங்குவாள், விழுங்குவாள், "ஆ" என்று வாயைத் திறந்து காட்டுவாள்.

இரண்டு வாரத்தில் அவள் மத்தியானமெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். குச்சியைப் பிடித்தால் கை லேசாக நடுங்கியது. படம் வரைவது நின்றது. ஒருநாள் நாற்றம் தாங்கவில்லை என்று அம்மா அந்தத் தாள்களை வாரிக்கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டாள். அப்போது நான் வாசலில் நின்றிருந்தேன். அம்மாவுக்கு அது குப்பை. எனக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தும் வழிவிட்டு நின்றேன். ஜப்பான் புத்தகத்தைப் பிறகு நம் இங்கிலீஷ் டீச்சர் இரவல் வாங்கிப் போனார்கள். அவர்கள் மாற்றலாகிப் போனபோது அதுவும் போய்விட்டது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. விருந்தாளிகள் வந்தால் மறுபடி பாட்டு ஒப்பித்தேன். ஏழாம் வகுப்பில் முதல் ராங்க் வாங்கினேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் வாசற்படியில் இருந்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்படிப்பட்ட ஒரு காட்சி என்றால் உயிர். நான் ஆசையாகவே, "இன்னா பாக்குற?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கண் மழையின்மேல் இருந்தது, மழையைப் பார்க்கவில்லை. வாய் லேசாக எதையோ மென்றுகொண்டிருந்தது. நான் டாக்டரிடம் எதைச் சொன்னேனோ, அது அப்படியே என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

மாத்திரைதான் அவளை இப்படி ஆக்கிவிட்டது என்று அன்றைக்குப் பயந்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்தமுறை செங்கல்பட்டுக்குப் போனபோது, "இப்பல்லாம் கூப்ட்டா ஒடனே திரும்புறா சார். சுத்தமா சரியாப் போச்சு சார்" என்று இன்னொரு பொய் சொன்னேன். டாக்டர் மகிழ்ந்து மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். அடுத்த கோடைக்குள் நிறுத்தினார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் அன்னிக்குப் பாக்கலன்னா என் கொழந்தைய கடலே கொண்டுகினு போயிருக்கும்" என்று அழுதாள். சாகும்வரை அதை எல்லோரிடமும் சொன்னாள்.

மாத்திரை நின்றது, பேர் நிற்கவில்லை. தங்கை ஒரு வருஷம் அதே வகுப்பில் உட்கார்ந்தாள், பிறகு பள்ளிக்கூடத்தை விட்டாள். தண்ணீரும் நெருப்பும் இல்லாத வேலையாக அம்மா தேடி, மாமல்லபுரத்துக் கடைகளுக்குச் சிப்பி கோக்கும் வேலை வாங்கிக்கொடுத்தாள். கல்லூரி, அரசாங்க உத்தியோகம் எல்லாம் எனக்கு வந்தன. ஒரு நல்ல இடம் அவளுக்குக் கூடி வந்தது. அம்மா ஒளிக்கத் தெரியாதவள், வலிப்பு சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டாள், அவர்கள் போய்விட்டார்கள். முப்பது வயதில் புதுப்பட்டினத்தில் ஒரு தையல்காரருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். அவர் தங்கமானவர், நல்ல வேளை. ஒரு மகன் பிறந்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் அதில் கால் நனைத்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில், உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம், எனக்கு அவள்மேல் இருந்த பொறாமை போகவே இல்லை. அவள் வீட்டுக்குப் போனால், தரையில் சிப்பியைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஆயிரமாவது சிப்பியையும் முதல் சிப்பி மாதிரி பார்ப்பாள். நான் பக்கத்தில் அமர்ந்து காபியைக் குடித்து முடித்திருப்பேன், அது சூடாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் அவள் பேத்திக்குக் காய்ச்சலில் கை கால் வெட்டி இழுத்தது. குழந்தைகளுக்கு வருவதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்குக் கீது, சின்ன வயசுல. எங்க பெரியம்மாவுக்கும் கீது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஸ்கேன், மூளைப் பரிசோதனை, வருஷக்கணக்கில் மாத்திரை என்று பேச்சு. அவள் மருமகள் எனக்குப் போனில் சொல்லி அழுதாள். இரண்டு வயதுக் குழந்தை.

மறுநாளே பஸ் ஏறினேன். "வா, கடலாண்ட போலாம்" என்று தங்கையைச் சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்துப் போனேன். சாயங்கால வெயில். அலைக்கு வெகு தூரம் தள்ளி, அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"உனக்கு வலிப்பு வரவேயில்ல. நான் ஒரு வாட்டிதான் கூப்ட்டேன். நீ திரும்பின. 'இர்ருக்கா'ன்னு சொன்ன. நான்தான் டாக்டராண்ட பொய் சொன்னேன்."

அவள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் திரும்பினது எனக்கு ஞாபகம் கீது" என்றாள் மெதுவாக. "ஆனா நீ திரும்பலன்னு சொன்ன. நீதான படிச்சவ. திரும்பின மாதிரி நான்தான் நெனச்சிக்கினேன் போலன்னு இருந்துட்டேன்."

நான் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்குக்கா?"

"பொறாம."

"எம்மேலயா?" அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "எங்கிட்ட இன்னா இருந்துது?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைத் தேற்றவில்லை. எழுந்தாள், செருப்பைக் கழற்றினாள், கடலைப் பார்த்து நடந்தாள். முதல் அலை பாதத்தில் பட்டதும் நின்றாள். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. புடவை பின்னால் மிதந்தது. நான் பதறி எழுந்தேன், ஆனால் போகவில்லை. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "யார்ரா அது, வயசான பொம்பள" என்று எழுந்து பார்த்தார். அவள் அங்கேயே நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் உடம்பைக் கொடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்காமல், வெகு நேரம். அப்போதும், அந்த நேரத்திலும், என் நெஞ்சில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அவளுக்கு இப்போது என்ன தெரிகிறதோ அது எனக்குத் தெரியாதே என்பதுதான்.

சொட்டச் சொட்ட வந்தாள். முந்தானையைப் பிழிந்தாள். குரல் உயரவில்லை.

"கொழந்த டாக்டராண்ட நீயே வந்து சொல்லணும். நாளைக்கே."

"சொல்றேன்."

"அப்பறம் ஒரு மாசம் எங்கூட்டாண்ட வராத. போன் பண்ணாத. ஒரு மாசம் கழிச்சி வா."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நாற்பத்தொன்பது வருஷம் கழித்து, ஒரு சின்னப் பையன் வயசு டாக்டர் முன்னால், அவள் மகனும் மருமகளும் நிற்க. அவர் குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டு, காய்ச்சலால் வந்ததாகத்தான் இருக்கும், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். மகன் என் பக்கம் திரும்பவில்லை. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

மருமகள் மட்டும் தங்கைக்குத் தெரியாமல் எனக்குத் தெரிவிக்கிறாள். தினமும் காலையில் கடலுக்குப் போகிறாளாம். இடுப்பு அளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லையாம்.

இன்றைக்குப் பத்தொன்பது நாள் ஆகிறது.